குதிகால் வெடிப்புக்கு இலுப்பை எண்ணெயா, கிரீமா?

கேள்வி: உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நானும் வீட்டுக்காரரும் நடவு, களை என்று வருடம் முழுக்கச் சேற்றில் நிற்கிறவர்கள். நவரை நடவு முடிந்த கையோடு எனக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிகிறது. மாமியார் இலுப்பை எண்ணெய் போடச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், "அது நாறும்மா, ஷியா பட்டர் கிரீம் வாங்கித் தர்றேன்" என்கிறாள். ஒரு டப்பா என் ஒருநாள் கூலிக்கு மேல் இருக்கும்போல. எதைப் போடுவது? வீட்டுக்காரருக்கும் வெடிப்பு இருக்கிறது. ஆனால் வலியே இல்லை, முள் குத்தினால்கூடத் தெரியவில்லை என்கிறார். அவருக்கும் இதையே போடலாமா?

- ஒரு வாசகி, உத்திரமேரூர் வட்டம்

பதில்: சகோதரி, உங்கள் மாமியாரும் மகளும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே பொருளைத்தான். ஷியா மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் மரம். நம் இலுப்பையும் அதுவும், சப்போட்டா, மகிழம் எல்லாமே தாவர இயலில் ஒரே குடும்பம். ஷியா கொட்டையின் கொழுப்பு பெரும்பாலும் வெண்ணெய்போல இருக்கும். இலுப்பை எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். குதிகாலுக்கு இப்படிக் கெட்டியாகத் தங்கும் எண்ணெய்தான் வேண்டும். கூலியைக் கொடுத்து டப்பா வாங்க வேண்டியதில்லை. இலுப்பை கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய் போதும். அது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்பதே இங்கே நல்லது.

பித்தவெடிப்பு என்று பெயர் இருந்தாலும் காரணம் பித்தமல்ல. நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறினால் தோலில் இயல்பாக உள்ள நெய்ப்பு கரைந்து போகிறது. கரையேறியதும் தோல் வேகமாகக் காய்கிறது. காய்ந்து தடித்த குதிகாலில் உடம்பின் பாரம் இறங்கும்போது, வற்றிய ஏரியின் வண்டல்போலப் பிளக்கிறது.

ஆகவே தோலுக்குத் தேவைப்படுவது தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறாமல் மூடிவைப்பதுதான் எண்ணெயின் வேலை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வறண்ட காலில் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். ராத்திரி படுக்கப்போகும்முன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். தடித்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ரத்தம் கசியும் வெடிப்பைத் தொடவேண்டாம், பிளேடு கூடவே கூடாது. துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காய்வதற்குள் எண்ணெய் தடவிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றுங்கள். தினமும் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

எண்ணெயோடு மெழுகும் சேர்ந்தால் இன்னும் நல்லது. வாழையிலையின் அடிப்புறத்தைத் தேய்த்தால் விரலில் வெண்பொடி ஒட்டும், அது மெழுகு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதும் மெழுகால்தான். வெயிலில் வாடாமல் இருக்கச் செடி தனக்குப் பூசிக்கொள்ளும் கவசம் அது. கடைக் கிரீம்களில் இருக்கும் கார்னாபா பிரேசில் நாட்டுப் பனைமர இலையின் மெழுகு. அதைத் தேடி அலையவேண்டாம், தேன்மெழுகு அதே வேலையைச் செய்யும். நான்கு ஸ்பூன் எண்ணெய்க்கு ஒரு ஸ்பூன் சீவிய மெழுகு. கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் உருகிவிடும், நேரடி நெருப்பு வேண்டாம். நன்றாக ஆறிய பிறகே தடவவேண்டும். மெழுகுவத்தியை உருக்கி வெடிப்பில் சுடச்சுட ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வெடிப்போடு தீக்காயமும் சேர்ந்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கைகால் வறட்சிக்கு நல்லெண்ணெய் போதும். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று மேலாக லினோலிக் அமிலம் இருக்கிறது. தோல் தன் மேற்பூச்சைக் கட்டிக்கொள்ள அது வேண்டும். விலையுயர்ந்த ஆலிவ் எண்ணெயில் அது குறைவு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. வேப்பெண்ணெய் சிலருக்கு எரிச்சலும் தடிப்பும் தரும், திறந்த வெடிப்பில் வேண்டாம். விரலிடுக்கு வெளுத்து ஊறிய சேற்றுப்புண்ணுக்கு எந்த எண்ணெயும் கூடாது. அந்த இடம் உலரவேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசி வரிகள்தான். வெடிப்பு வலிக்கவேண்டும். வலிக்கவில்லை, முள் குத்தியும் தெரியவில்லை என்றால் அது நரம்பின் கோளாறு. நம் பக்கம் இதற்கு முக்கியமாக இரண்டு காரணங்களைப் பார்க்கவேண்டும்: சர்க்கரை நோய், தொழுநோய். அவர் காலை வெந்நீரில் வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துபோகும். உடம்பில் எங்காவது நிறம் வெளுத்து உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வெறுங்காலோடு வயலுக்கு அனுப்பாதீர்கள்.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தச் சர்க்கரையும் பாத உணர்ச்சியும் பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோயாகவே இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. செங்கல்பட்டு திருமணியில் இதற்கென்றே மத்திய அரசின் நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் கிருமி ஒழியும். ஆனால் தாமதித்தால், போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். உங்கள் காலுக்கு எண்ணெய் போடுங்கள், அவரை முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.