மதிப்பெண் குறைந்தால் பி.காமா?

நம்பிக்கை: பி.டெக். கிடைக்காதவர்களுக்குத்தான் பி.காம்.

உண்மை: ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வீடுகளில் இன்டர் (பிளஸ் டூ) முடித்த பிள்ளைக்கு இப்படித்தான் வழி சொல்கிறார்கள். ஆனால் கணக்கர் இல்லாமல் இங்கே எந்தத் தொழில் நடக்கிறது? திருப்பதி கோயிலை நடத்தும் தேவஸ்தானத்தின் ஆண்டு பட்ஜெட்டே 5,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகள், வெல்ல மண்டிகள். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. கல்லூரிகள் தங்கள் மாணவர் சேர்க்கைத் துண்டறிக்கையில் கட்டடப் படத்துக்குப் பதில் இந்தப் பட்டியலைப் போடலாம்.

நம்பிக்கை: கணிதம் வராதவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

உண்மை: கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் பி.காம். கணக்குப் பதிவியலில் பெரும்பகுதி ஓடிவிடும். தடுக்கி விழும் இடம் வேறு. வங்கியில் 1,000 ரூபாய் போட்டால் பாஸ்புக்கில் 'கிரெடிட்' என்று வருகிறது. வகுப்பிலோ அதே பணத்துக்கு வங்கிக் கணக்கை 'டெபிட்' செய்யச் சொல்கிறார்கள். இன்டரில் பைபிசி (உயிரியல் பிரிவு) படித்து வந்த பிள்ளை அங்கேயே மிரண்டுவிடும். பாஸ்புக் என்பது வங்கியின் பேரேட்டு நகல். வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது, ஆகவே அதன் ஏட்டில் நம் பெயரில் வரவு. நம் ஏட்டில் அதன் பெயரில் பற்று. இரண்டு ஏடுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் குழப்பம் தீரும். காட்டாமல் விதியை மனப்பாடம் செய்யச் சொன்னால், இரண்டாம் செமஸ்டரில் பெஞ்சுகள் காலியாவதில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, ஆந்திர டிகிரி கல்லூரிகள் 2021-22 முதல் ஆங்கில வழிக்கு மாறிவிட்டன. தெலுங்கு வழியிலோ, நகரி, குப்பம் பக்கம் தமிழ் வழியிலோ படித்து வந்தவருக்குப் பாடத்தோடு மொழியும் புதிது. இதற்குக் கணித அறிவு இல்லாமை என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

நம்பிக்கை: டாலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும்போது கணக்கர் எதற்கு?

உண்மை: கூழ் ஆலைக்கு வாங்கிய இயந்திரத்தைப் பழுதுபார்ப்புச் செலவில் பதிந்தாலும் டாலியில் ஐந்தொகையின் இரு பக்கமும் சமமாகவே நிற்கும். லாபம்தான் பொய்யாகும்.

நம்பிக்கை: சி.ஏ. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாது.

உண்மை: பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். மூன்று ஆண்டாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் என்ற செயல்முறைப் பயிற்சியும் 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டாகக் குறைந்தது. பல கல்லூரிகளில் இதைக் கடைசி ஆண்டில்தான் சொல்கிறார்கள். அந்த 55-க்கான மதிப்பெண்ணோ முதல் செமஸ்டரிலிருந்தே சேருகிறது.