25 ஆண்டு காத்திருக்கும் வண்டி

பொருள் பழையதாக ஆக மதிப்புக் குறையும் என்பது கடைத்தெரு அறிந்த விதி. சுங்கத்துறையின் வாயிலில் இவ்விதி சில வேளைகளில் தலைகீழாகி விடுகின்றது. பிரிட்டனில் பிறந்த லாண்ட் ரோவர் வண்டியொன்று 24 வயதில் அமெரிக்கத் துறைமுகத்தில் போய் இறங்கினால், அஃது உள்ளே நுழையத் தகாத பொருள். அதே வண்டி இன்னும் ஓராண்டு கிடந்து, இன்னும் சற்றுத் துருவேறிப் போய் இறங்கினால், தடையின்றி உள்ளே விடுகின்றார்கள். இந்த விந்தை எவ்வாறு ஏற்பட்டது, அதனால் வண்டி வாங்குவோர்க்கு விளையும் இடர் யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம். மோட்டார் வண்டியில் நாட்டமில்லாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஒரு பொருளை ‘அதே பொருள்தான்’ என்று எதைக் கொண்டு துணிகிறோம் என்ற பழைய தருக்க வினாவும் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் வண்டியின் வரலாறு. இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர், ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவிலிருந்த தம் பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பு ஒன்றை ஓட்டி வந்தார். அது பழுதுற்றால் அதனிடத்தில் வைப்பதற்கு வேறொரு வண்டி பிரிட்டனில் கிடையாது. நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. அப்போது பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு, அலுமினியமோ தாராளம். ஆகவே அடிச்சட்டத்தை, அதாவது சாசியை, எஃகுப் பெட்டிக் குழல்களால் அமைத்து, மேலுடலைப் பெரும்பாலும் ‘பர்மாபிரைட்’ என்னும் அலுமினிய மக்னீசியக் கலப்பு உலோகத் தகட்டால் மூடினார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. சிற்சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று எண்ணிச் செய்த வண்டி, 1990 இல் ‘டிஃபெண்டர்’ என்று பெயர் பெற்று, 2016 ஜனவரி 29 வரையில் சாலிஹல் ஆலையில் உருவாகிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் வண்டிகள்!

இவ்வண்டியின் தனிச்சிறப்பு ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும். இதன் உறுப்புகள் பெரும்பாலும் போல்ட்டால் பூட்டப்பட்டவை. கதவைக் கழற்றலாம், கூரையைக் கழற்றலாம், இறக்கைத் தகட்டைக் கழற்றலாம். இரண்டு ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவரும் பாலைவனத்தின் நடுவிலேயே பாதி வண்டியைப் பிரித்து மாட்டிவிடுவர்.

அமெரிக்காவில் டிஃபெண்டர் விற்பனைக்கு இருந்தது 1993 முதல் 1997 வரையில் மட்டுமே. முதலாண்டில் வந்தவை நீண்ட உடல் கொண்ட 500 வண்டிகள். பின்னர் வந்தவை குட்டை வண்டிகள். மோதலின்போது விரியும் காற்றுப்பைகள் அந்நாட்டில் கட்டாயமானபோது, அவற்றைப் பொருத்துவதற்கு இப்பழைய அமைப்பு இடந்தரவில்லை; நிறுவனம் விற்பனையை நிறுத்திக்கொண்டது. கிடைக்காத பொருளின்மேல் ஆசை பெருகுவது இயல்புதானே? பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பண்ணைகளில் உழைத்து ஓய்ந்த வண்டிகளைத் தேடிப்பிடித்துக் கப்பலேற்றும் வணிகம் இவ்வாறு தழைத்தது.

இனி அந்த 25 என்ற எண்ணுக்கு வருவோம். 1966 இல் அமெரிக்கா மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பிரேக்கு, விளக்கு, இருக்கைப் பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கேற்பச் செய்யப்படாத வண்டி உள்ளே வரலாகாது என்பது கொள்கை. ஆயினும் 1980களின் நடுவில் டாலரின் மதிப்பு உயர்ந்தபோது, ஜெர்மனியில் மெர்சிடஸ் வண்டியை மலிவாக வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் மாற்றங்கள் செய்து ஓட்டுவது இலாபமாயிற்று. ஆண்டுக்குப் பல்லாயிரம் வண்டிகள் இவ்வழியில் புகுந்தன. முறையான விற்பனையாளர்கள் வாளாவிருப்பார்களா? 1988 இல் புதிய சட்டம் வந்தது. பதிவு பெற்ற இறக்குமதியாளர் அன்றிப் பிறர் இத்தகைய வண்டிகளை வரவழைக்க முடியாதபடி கதவு அடைக்கப்பட்டது. அக்கதவில் ஒரு சிறு திட்டிவாசல் விடப்பட்டது: செய்து 25 ஆண்டு நிறைந்த வண்டிக்குப் பாதுகாப்பு அளவுகோல் இல்லை.

புகையைக் கண்காணிக்கும் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் கணக்கோ வேறு. அதற்கு 21 ஆண்டு போதும். ஆனால் இயந்திரம் முதலியவை தொடக்கத்தில் இருந்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். ஓர் அலுவலகம் வயதைப் பார்க்கிறது. மற்றொன்று வயதோடு உருவத்தையும் பார்க்கிறது.

இந்த 25 இல் அறிவியல் ஏதும் இல்லை. 24 ஆண்டு 11 மாதம் ஆன பிரேக்கு ஆபத்தானது, அடுத்த மாதம் ஆபத்தற்றது என்று எந்த இயற்பியலாளரும் சொல்லமாட்டார். பழைய வண்டி சிலவே வரும், சிறிதே ஓடும், ஆகவே தீங்கும் சிறிதே என்ற உத்தேசம்தான் அதன் அடிப்படை. எனினும் யாரும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கத்தக்க கோடு என்ற அளவில் அதற்கு ஒரு நேர்மை உண்டு. அதிகாரியின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கணக்கு, விற்ற நாளிலிருந்தன்று, செய்து முடித்த மாதத்திலிருந்து. டிஃபெண்டரில் ஐந்து சிலிண்டர் டீசல் இயந்திரம் 1998 இல் வந்தது. அவ்வகை வண்டிகள் 2023 இலிருந்துதான் அமெரிக்கக் கரையில் இறங்கலாயின.

நடைமுறையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்னரே சரக்கு விவரம் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போக்குவரத்துத் துறைக்கு எச்.எஸ்.7 என்ற படிவம். சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு 3520-1 என்ற படிவம். இவற்றுடன் விற்பனைச் சீட்டு, பழைய நாட்டின் பதிவுப் பத்திரம், கப்பல் சரக்குச் சீட்டு. வண்டியைத் தானே ஓட்டிக் கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்தலாம். பெட்டகத்தில் பூட்டியும் அனுப்பலாம். முன்னது மலிவு. பின்னதில் வண்டிக்குள் உதிரிப் பாகங்களையும் சேர்த்து அனுப்பலாம். சுங்கம் கடந்த பின்னும் மாநிலப் பதிவு என்று தனியொரு படலம் உண்டு. கலிபோர்னியாவில் அது மிகக் கடுமை.

சுங்க வரியில் ஒரு கோழிக்கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவை நிறைத்தது. மேற்கு ஜெர்மனி முதலிய பொதுச்சந்தை நாடுகள் அதன்மேல் வரியை உயர்த்தின. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் பிராந்தி, உருளைக்கிழங்கு மாப்பொருள், டெக்ஸ்டிரின், சிறு சரக்கு வண்டி ஆகியவற்றின்மேல் 25 விழுக்காடு வரி விதித்தார். கோழிப்பூசல் மறைந்து போயிற்று. சரக்கு வண்டி வரி இன்றளவும் நிற்கிறது. பயணிகள் காருக்கு நெடுங்காலமாக உள்ள அடிப்படை வரியோ 2.5 விழுக்காடு. ஆகவே பின்புறம் இருக்கையும் சன்னலும் உள்ள லாண்ட் ரோவர் ஒரு வகை. பின்புறம் வெறுந்தொட்டியாக உள்ளது மற்றொரு வகை. இடையில் பத்து மடங்கு வேறுபாடு! இரண்டு கதவு கொண்ட நிசான் பாத்ஃபைண்டர் காரா, சரக்கு வண்டியா என்று நீதிமன்றம் வரை வழக்காடி, 1994 இல்தான் கார் என்று தீர்ப்பாயிற்று. 2025 இல் கார்களின்மேல் கூடுதல் வரிகளும் வந்தன. வாங்குமுன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

மற்றொன்று மண். சக்கர வளைவிலும் அடிச்சட்டத்தின் மூலைகளிலும் அயல்நாட்டு மண் ஒட்டியிருந்தால் வண்டியை உள்ளே விடார். ஏற்றுமுன்னரே நீராவியால் கழுவிவிட வேண்டும். சேற்றில் உழல்வதற்கென்றே பிறந்த வண்டிக்கு இது கொடுமைதான். ஆயினும் இவ்விதியை நான் குறைகூறமாட்டேன். உருளைக்கிழங்கின் வேரை அழிக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1941 இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கண்டறியப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய படைத் தளவாடங்களில் ஒட்டிய மண்ணோடு அது வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதன் முட்டைக்கூடு மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கவல்லது. நம் நீலகிரியிலும் 1961 இல் அதே புழு கண்டறியப்பட்டது. உதகை உழவர்களைக் கேட்டால் அதன் தீமையைச் சொல்வார்கள்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம்.

வேதியியல் வகுப்பில் மின்வேதி வரிசையைப் படித்திருப்பீர்கள். அலுமினியத்தின் நியம மின்னழுத்தம் −1.66 வோல்ட், இரும்பினது −0.44 வோல்ட். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையில் உப்புநீர் புகுந்தால், அதுவே ஒரு மின்கலம். அலுமினியம் எலக்ட்ரானை இழந்து வெண்பொடியாய் உதிர்கிறது. லாண்ட் ரோவரின் கதவு ஓரங்களைப் பாருங்கள்: எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு மடிந்த இடமெல்லாம் கொப்புளம்! கீழே அடிச்சட்டமோ வேறு வகையில் மாய்கிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அவ்வுப்பும் சேறும் பெட்டிக் குழலுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியே கருஞ்சாயம் பளபளக்கும். சுத்தியால் தட்டினால் துளை விழும்.

எனவே 25 வயது லாண்ட் ரோவர் தன் பிறந்த உடலோடு இருப்பது அரிது. துத்தநாகம் பூசிய புது அடிச்சட்டத்தைப் பிறர் செய்து விற்கிறார்கள், மாட்டிவிடலாம். கதவு மாற்றலாம். இயந்திரம் மாற்றலாம். எல்லாம் போல்ட்டுதானே! எல்லாம் மாறிய பின்னர், அது 1998 ஆம் ஆண்டு வண்டியா, சென்ற ஆண்டு வண்டியா?

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் அஃது ஆழித்தேர்தான் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. தேரின் அடையாளம் மரத்தில் இல்லை. ஊரார் நினைவில் இருக்கிறது. வண்டிக்கு அத்தகைய ஊர் இல்லை. அதற்கு உள்ளது 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் கோவை ஒன்றே. லாண்ட் ரோவராயின் ‘எஸ், ஏ, எல்’ என்று தொடங்கும்; பத்தாவது இடம் மாதிரி ஆண்டைக் குறிக்கும். அது தகட்டிலும் அடிச்சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இரண்டு தறையாணியில் நிற்கிறது. பொறித்ததோ துருவோடு போய்விடும் எஃகில் நிற்கிறது.

இதில்தான் கள்ளம் நுழைந்தது. பத்தாண்டே ஆன வண்டியில் முப்பதாண்டுத் தகட்டை அறைந்து கப்பலேற்றிய வணிகர் சிலர் இருந்தனர். 2013 இல் அமெரிக்கச் சுங்கத்துறை அவ்வாறு பிடிபட்ட டிஃபெண்டர் ஒன்றை இயந்திரக் கைகளால் நசுக்கி, அதன் படக்காட்சியை ஊரறிய வெளியிட்டது. 2014 ஜூலையில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் வீடுகளுக்குச் சென்று 40 வண்டிகளைக் கைப்பற்றினார்கள். வாங்கியவர்களுள் பலர், தங்கள் வண்டி முறைப்படி வந்ததென்றே நம்பிப் பெரும்பணம் கொடுத்தவர்கள். வழக்காடியவர்கள் 2015 இல் தங்கள் வண்டிகளைத் திரும்பப் பெற்றனர். ஆயினும் இடைப்பட்ட மாதங்களில், தான் வைத்திருந்தது எந்த வண்டி என்பதை உடையவரே மெய்ப்பிக்க வேண்டிய நிலை! விற்றவன் காட்டிய காகிதத்தை நம்பியவன் தலையில் விழுகிறது இச்சுமை. எனக்கு இது நீதியாகப் படவில்லை. ஆனால் சட்டம் வண்டியின்மேல் தொடுக்கும் வழக்கில் உடையவனின் நல்லெண்ணம் எளிதில் எடுபடுவதில்லை.

பிரிட்டிஷ் அரசு இவ்வினாவுக்குப் பல ஆண்டுகள் கணக்கால் விடை கூறிவந்தது. அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி, தொங்கமைப்பு, அச்சுகள், பல்சக்கரப் பெட்டி, திசைதிருப்பி ஆகிய நான்குக்கும் இரண்டிரண்டு, இயந்திரத்துக்கு 1. மொத்தம் 14. குறைந்தது 8 தேறினால் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். மனிதர் போற்றும் இயந்திரத்துக்கு ஒரே புள்ளி, எவரும் குனிந்து பாராத அடிச்சட்டத்துக்கு ஐந்து! எந்த உறுப்பில் ஒரு வண்டியின் ‘தான்மை’ தங்கியிருக்கிறது என்று அரசாங்கம் ஒன்று எண்ணால் எழுதி வைத்தது, மெய்ப்பொருள் மாணவர்களும் கண்டு மகிழத்தக்கது.

எனவே வாங்க நினைப்பவர் வண்டியின் அழகைப் பின்னர் பார்க்கட்டும். முன் வலச் சக்கரத்தருகே அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் படித்து, அது தகட்டோடும் பத்திரத்தோடும் பொருந்துகிறதா என்று காண வேண்டும். செய்து முடித்த நாளைக் காட்டும் சான்றிதழைத் தயாரிப்பாளர் பதிவேட்டிலிருந்து பெற வேண்டும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையின் பதிவுகளை எவரும் வண்டி எண்ணைக் கொண்டு பார்க்கலாம். ஆண்டுக்காண்டு ஓடிய மைல் அதில் இருக்கும். ஓட்டம் ஓராண்டில் பின்னோக்கிப் போயிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நலம். அடிச்சட்டம் மாற்றப்பட்டிருந்தால், மாற்றிய பட்டறையின் சீட்டும், கழற்றிய பழைய சட்டத்தில் எண் தெரியும் ஒளிப்படமும் இல்லாமல் பணம் கொடுக்கலாகாது. 25 ஆண்டு நிறைய இன்னும் சில வாரம் இருந்தால், கப்பல் விரைந்து போய்விடும் இடரையும் எண்ண வேண்டும்! தாமதமே கப்பலின் இயல்பு என்று நம்பி ஏற்றிவிடுவது தகாது.

இந்தியாவில் வாழும் நமக்கு இக்கதவு திறப்பதில்லை. நம் நாட்டின் பொதுவிதி நேர்மாறானது: ஒருவர் ஓட்டிய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொணர வேண்டுமாயின், அது செய்து மூன்றாண்டுக்கு மேற்படாததாக, வலக்கைப் பக்கம் திசைதிருப்பி உள்ளதாக இருத்தல் வேண்டும். மிகத் தொன்மையான வண்டிகளுக்குத் தனிவிதி உண்டு. அமெரிக்கா முதுமையைக் கேட்கிறது. இந்தியா இளமையைக் கேட்கிறது. சாலிஹல் ஆலையில் 2016 ஜனவரியில் முடித்த கடைசி டிஃபெண்டர்கள் அமெரிக்கக் கரையில் இறங்க 2041 வரையில் காத்திருக்க வேண்டும். நமக்கோ 2019 இலேயே அவற்றின் காலம் கடந்துவிட்டது.