குடும்பிகல பாறை ஏறப் போகிறீர்களா?

நிந்தவூரிலிருந்து கூட்டாளிமாரோடு பொத்துவில், பாணமை தாண்டிக் குடும்பிகல போவோர் கவனத்துக்கு:

• கச்சான் காற்றுக் காலத்தில் பாறை தோசைக்கல்லாய்ச் சுடும். சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டு, பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள்.

• பொத்துவிலிலேயே பெற்றோல் நிரப்புங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் எடுங்கள்.

• பாணமைக்கு அப்பால் யானை குறுக்கே நின்றால் ஹோன் அடிக்காதீர்கள். தூரத்தில் நிறுத்தி, இறங்காமல் காத்திருங்கள்.

• குடும்பிகல பௌத்த துறவிகளின் தியான இடம். முழங்கால் மறைய உடுத்துங்கள், சத்தம் போடாதீர்கள்.

• சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற்றை அங்கே வீசாதீர்கள். குழம்பு வாசத்துக்கு யானை அதையும் விழுங்கிவிடும்.

• பொழுது சாயுமுன் பாணமை திரும்புங்கள். அவசர அம்புலன்சுக்கு 1990.