மெஷின் நம்முடையது, பராமரிப்பும் நம்முடையதே!



குழுக் கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டவர்கள் நம்மில் பலர். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் பெற்றவர்களும் உண்டு. தையலில் வரவு எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். மெஷினுக்குச் செலவு எவ்வளவு என்றால், "அதையெல்லாம் யாரு எழுதி வெச்சா?" என்போம். இந்த மாதப் பாடம் அந்த எழுதாத செலவைப் பற்றியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மெக்கானிக் ஒருமுறை வந்துபோக 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஆண்டுக்கு 6 முறை வந்தால் 1,500 ரூபாய். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினரின் ஓராண்டுச் சேமிப்பே 1,200 தான்!

இதோடு முடியவில்லை. அவர் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். ஒவ்வொரு முறையும் 2 நாள் என்றால் 12 நாள். நாளுக்கு 200 ரூபாய் வருமானம் என்றால் 2,400 போச்சு. ஆக மொத்தம் 3,900 ரூபாய். பள்ளி திறக்கிற மாதம், தீபாவளி நேரம் என்றால் இழப்பு இன்னும் அதிகம். துணி கொடுத்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். தவணைத் தேதி மட்டும் நமக்காகக் காத்திருக்காது.

இந்த 6 முறையில் 4 முறை, எண்ணெய் விடுவது, பஞ்சு எடுப்பது, ஊசி மாற்றுவது போன்ற வேலைக்காக இருந்தால்? அதை நாமே செய்தால் கூலியில் 1,000, வேலை நாளில் 1,600 மிச்சம். எண்ணெய், பிரஷ், ஊசிக்கு 300 போனாலும் 2,300 ரூபாய் கையில் நிற்கும்.

நாமே செய்யக்கூடியவை

1. சுத்தம்: மோட்டார் உள்ள மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஊசியைக் கழற்றி, தகட்டைத் திறந்து, துணியை நகர்த்தும் பல்லின் இடுக்கிலும் பாபின் கேஸ் உட்காரும் இடத்திலும் உள்ள பஞ்சை பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும்.

2. எண்ணெய்: தினமும் தைப்பவர்கள் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசுபிசுத்து உறைந்து மெஷினை இறுக்கிவிடும். எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்த பிறகே வாடிக்கையாளர் துணியை வையுங்கள். இல்லாவிட்டால் கறை பிடித்து, துணிக்கு நாம்தான் காசு கொடுக்கணும்.

3. ஊசி: தையல் விட்டுவிட்டு விழுந்தாலோ, துணி இழுத்தாலோ முதலில் ஊசியைப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தாலும் வளைந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பழைய ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருந்ததோ, புதியதும் அப்படியே இருக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரண துணிக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18 எண் ஊசி.

4. நூல்: துணியின் அடிப்பக்கம் வளையம் வளையமாக வந்தால், மேல்நூல் சரியாகக் கோக்கவில்லை அல்லது மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. நூலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

5. பெல்ட்: கால் மிதிக்கும் மெஷினில் தோல் பெல்ட் தளர்ந்தால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கிளிப் போடலாம். அதிகம் இறுக்கினால் மிதிக்கக் கனக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியவை

ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் மாறிவிட்டால், மோட்டார் சூடானால், கருகிய வாடை வந்தால், உள்பாகம் உடைந்தால் நாம் கைவைக்கக் கூடாது. அது படித்துப் பழகிய கைத்தொழில். அதற்குரிய கூலியை மனதாரக் கொடுப்போம். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, "என்ன ஆச்சுண்ணே? எதனால ஆச்சு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். எந்தச் சாமான் மாற்றினார், எவ்வளவு வாங்கினார் என்பதையும் எழுதி வைப்போம்.

"இது ஆம்பளைங்க வேலை" என்று வீட்டில் சொல்லக்கூடும். தினமும் அந்த மெஷினில் உட்கார்ந்து தைப்பது நாம்தான். அதன் சத்தம் மாறினால் முதலில் தெரிவதும் நமக்குத்தான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* கடந்த ஆண்டு நம் உறுப்பினர்கள் மெஷின் பழுதுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு? அதில் நாமே செய்திருக்கக் கூடியது எவ்வளவு?
* குழுவுக்குப் பொதுவாக இரண்டு ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், எண்ணெய் டப்பா, ஊசிகள் வாங்கி வைக்கலாமா? யார் பொறுப்பு?
* பழகிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தர முன்வரும் இருவர் யார்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மெஷினுக்கென்று தனியாக ஒரு 40 பக்க நோட்டும் போடுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் கூட்டிப் பார்த்தால், மிச்சம் எவ்வளவு என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.