ஆட்டமும் கலையும்

தமிழில் 'ஆடுதல்' என்னும் சொல் பரந்த பொருளுடையது. பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள். அண்ணாவியார் பழக்கிய கூத்தை இளைஞர் ஆடுகிறார்கள். இரண்டும் ஆட்டமே. அப்படியாயின் விளையாட்டும் ஒரு கலைதானா? அல்லவெனில் வேறுபாடு எங்கே? வாசகர்களே, இக்கேள்வி மெய்யியல் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு பெற்றோருக்கும் உரியது.

ஒற்றுமை

உழவும் வணிகமும் ஒரு பயன் கருதிச் செய்யப்படுபவை. விளையாட்டும் பாட்டும் அத்தகையன அல்ல. அவற்றின் இன்பம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினாஸ் தோமையார் இதை உணர்ந்து, ஞானத்தைத் தியானிப்பதையே விளையாட்டுக்கு ஒப்பிட்டார். எந்நேரமும் வளைத்து வைத்த வில் முறிந்துபோகும் என்று புனித அருளப்பரைப் பற்றி வழங்கிய பழங்கதையை எடுத்துக்காட்டி, மனத்துக்கு விளையாட்டு அவசியம் என்றும் போதித்தார். ஒல்லாந்து வரலாற்றறிஞர் யொஹான் ஹியூசிங்கா 1938இல் வெளியிட்ட நூலில், கவிதையும் இசையும் நடனமும் விளையாட்டிலேயே வேரூன்றியவை என வாதித்தார்.

இவ்வுறவை ஒலிம்பிக் விழாவும் ஒருகாலத்தில் ஏற்றிருந்தது. 1912ஆம் ஆண்டு முதல் 1948ஆம் ஆண்டு வரை கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகிய ஐந்துக்கும் அங்கே பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1896இல் நீச்சலில் இரு போட்டிகளை வென்ற ஹங்கேரியர் அல்பிரெட் ஹாயோஷ், 1924இல் இன்னொருவருடன் சேர்ந்து வரைந்த விளையாட்டரங்கு ஒன்றின் வரைபடத்துக்காக வெள்ளிப் பதக்கம் பெற்றார். கலைஞர்களிற் பலர் தொழில்முறையினர் என்பதால் அப்போட்டிகள் பின்னர் கைவிடப்பட்டன.

இரு கருத்துக்கள்

ரினிடாட் நாட்டு எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளியான தமது நூலில், துடுப்பாட்டத்தை நாடகத்தோடும் நடனத்தோடும் ஒரே வரிசையில் வைத்தார். பந்தை எதிர்கொள்ளும் அக்கணத்தில் துடுப்பாட்டக்காரர் தனியொருவரல்லர், அவரே தம் அணி. இது நாடகத்துக்குரிய நிலை என்பது அவர் கருத்து.

பிரித்தானிய மெய்யியலாளர் டேவிட் பெஸ்ற் 1970களில் இதை மறுத்தார். அவர் விளையாட்டுக்களை இருவகைப்படுத்தினார். உதைபந்தாட்டத்தில் கோல் எவ்வளவு அழகின்றிப் போடப்பட்டாலும், விதிக்கு அமைந்ததாயின் அது கோலே. ஜிம்னாஸ்ரிக் போன்றவற்றிலோ எப்படிச் செய்தார் என்பதும் கணிக்கப்படும். 1984இல் சரயேவோவில் பிரித்தானியாவின் ரோர்வில், டீன் இருவரும் பனித்தளத்தில் ஆடிய நடனத்தின் கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழுப்புள்ளியாகிய 6.0 வழங்கியமை இவ்வகைக்கு நல்ல உதாரணம். ஆயினும் இவ்வகையும் கலையாகாது என்பதே பெஸ்ற்றின் முடிவு. கலை மானிட வாழ்வைப்பற்றி ஏதேனும் சொல்ல வல்லது. விளையாட்டு அப்படிச் சொல்வதில்லை என்றார்.

வேற்றுமை

பெஸ்ற் சொன்னதை நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தபசு காலத்தில் திருப்பாடுகளின் காட்சி மேடையேறுகிறது. யூதாசாக வருபவர் ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிறார். திரை விழுந்ததும் அவர் நம் அயலவரே. அவர்மேல் பழியில்லை, நன்றாக நடித்தார் என்று பாராட்டுகிறோம். உதைபந்தாட்டத்தில் எதிராளியின் காலை வேண்டுமென்றே தட்டி விழுத்துபவரோ நடிக்கவில்லை. விழுந்தவரின் நோவும் உண்மை; விழுத்தியவரின் குற்றமும் உண்மை. கலை வாழ்வைச் சித்திரிக்கிறது. விளையாட்டோ வாழ்வின் ஒரு பகுதியாகவே நிகழ்கிறது. ஆகவே அதன் அழகு நேர்மையை விட்டுத் தனியே நிற்க முடியாது.

1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மெக்சிக்கோவில் நடைபெற்ற உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டம் இதற்குச் சான்று. ஆர்ஜென்ரீனாவின் டியேகோ மரடோனா 51ஆம் நிமிடத்தில் பந்தைக் கையால் தட்டி இங்கிலாந்தின் கோலுக்குள் செலுத்தினார். மத்தியஸ்தர் அதைக் காணவில்லை, கோல் வழங்கப்பட்டது. நான்கு நிமிடங்களின் பின், தமது பக்கத்து அரைமைதானத்திலிருந்து பந்தைக் கொண்டுசென்று, எதிராளிகளை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்து, கோல் காப்பாளரையும் கடந்து இரண்டாவது கோலைப் போட்டார். உதைபந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த கோல்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

இரண்டிலும் ஏமாற்று உண்டு என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இரண்டாவது கோலின் ஏய்ப்பு, இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட விதிக்குள் நிகழ்ந்தது. ஏமாந்தவர்கூட அதை மெச்சலாம். முதலாவது அந்த ஒப்பந்தத்தையே ஏமாற்றியது. புள்ளிக் கணக்கில் இரண்டும் சமம். அழகின் முன்னும் மனச்சாட்சியின் முன்னும் அவை சமமல்ல.

நமது வீடுகளில்

ஆகவே விளையாட்டு கலையின் உடன்பிறப்பு எனலாம்; கலையே எனச் சொல்லிவிட முடியாது. அதன் அழகு தேடிப் பெறுவதன்று. முழு முயற்சியோடு வெற்றியை நாடி, அதே வேளை விதியை மதித்து ஆடுபவரிடம் அது தானாக வந்து சேர்கிறது. வெற்றியே எல்லாம் என்று கற்ற பிள்ளை இந்த அழகை அறியாமலே வளர்ந்துவிடும். எதிரணியின் நல்ல ஆட்டத்துக்குக் கைதட்ட மறுக்கும் பெற்றோரே பெரும்பாலும் அதைக் கற்பிக்கிறார்கள். நம் உறவினர் நடிக்காத கூத்தையும் விடியும்வரை இருந்து ரசிக்கிற நாம், மைதானத்தில் மட்டும் அந்தக் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

குடும்பமாகச் சிந்திக்க

1. பிள்ளை மைதானத்திலிருந்து திரும்பியதும் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? 'வென்றதா?' என்பதா, 'எப்படி விளையாடினாய்?' என்பதா?

2. மத்தியஸ்தர் காணாத தவறொன்றினால் நமது அணி வென்றால், அதைப்பற்றிப் பிள்ளையிடம் என்ன சொல்வோம்?

3. எதிரணியினர் ஆடிய ஆட்டத்தில் நாம் கடைசியாக ரசித்தது எது?