பழைய என்ஜினுக்கு டீசல் ஃபில்டர்

கேள்வி: எங்கள் கிணற்று லிஸ்டர் டைப் டீசல் என்ஜினில் பெயர்ப்பலகையே இல்லை. ஃபில்டர் எப்படி வாங்குவது?

பதில்: பெயரை விடுங்கள், பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோங்கள். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929-இல் கொண்டுவந்த சிஎஸ் என்ஜினைத்தான் ராஜ்கோட் பட்டறைகள் பல பெயர்களில் செய்து தள்ளின. ஃபில்டர் கிண்ணம் மட்டும் ஆளுக்கொரு மாதிரி. உயரம், வெளிவிட்டம், நடு ஓட்டை, வாஷர் எல்லாம் பொருந்தினால் போதும். டிராக்டர் உதிரிபாகக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். நடு ஓட்டை தளர்வாக இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். டீசல் வடிகட்டாமலே பக்கவாட்டில் நழுவி டீசல் பம்புக்குப் போய்விடும். அந்த அழுக்கில் பம்ப் எலிமென்ட்டும் நாசிலும் கெடும்; அவற்றின் விலையை ஒருமுறை விசாரியுங்கள், புரியும். (ஃபில்டருக்குப் பதில் பனியன் துணி வைக்கும் வைத்தியமும் வேண்டாம்.) மாற்றியதும் ஏர் எடுக்க வேண்டும்: ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வந்தபின் இறுக்குங்கள்.