இப்போதே சாட்சி சொல்ல வேண்டாம்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

மாப்பிள்ளைக்கு இடது கையில் கொஞ்சம் அசைவு தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மற்றதெல்லாம் அப்புறம்தான். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது, கோயிலுக்குப் போனால் ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள் என்கிறாய். போதாக்குறைக்கு, உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்லவும் கூப்பிடுகிறார்களாம். போகாதே மகளே. இப்போது மேடை ஏறினால் மனசில் இல்லாததைத்தான் சொல்லவேண்டி வரும்.

பாடுகளில் விசுவாசம் வளரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரோமருக்கு எழுதும்போது பவுல் உபத்திரவத்தில் தொடங்கி நம்பிக்கையில் கொண்டுபோய் முடிக்கிறார். ஆனால் நடுவில் பொறுமையை வைத்திருக்கிறார். நம் ஆட்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நோய் வந்த வாரமே அதற்குள் ஆசீர்வாதம் தேடச் சொன்னால் எங்கே போய்த் தேடுவது?

யோபுவின் நண்பர்களை எடுத்துக்கொள். ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. யோபுவோ தான் பிறந்த நாளையே சபித்தவன், கடவுளிடம் நியாயம் கேட்டு வழக்காடியவன். கடைசியில் கர்த்தர் யார் பக்கம் பேசினார்? கடவுளுக்காக வக்கீல் வேலை பார்த்தவர்கள்தான் பலி செலுத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்காக ஜெபிக்கிற வேலையும் யோபுவுக்கே வந்தது. ஆகவே உன் கோபத்தை ஆண்டவருக்கு மறைக்காதே. இன்றைக்கு இராத்திரி 88ஆம் சங்கீதத்தை வாசி. புலம்பலில் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதிக்குத் திரும்பிவிடும். அது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் ஜெபம் என்றுதான் வேதம் வைத்திருக்கிறது.

நீ டோனாவூரைப் பார்த்திருக்கிறாய். அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்தான் வாழ்க்கை. எத்தனையோ பேர் ஜெபித்தும் பழைய நடமாட்டம் திரும்பவில்லை. அவர் எழுதிய புத்தகங்கள் எல்லாம் வரவேண்டும் என்றுதான் ஆண்டவர் அவரைப் படுக்கவைத்தார் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். எனக்கு அது ஒப்பாது. விழுவதற்கு முன்னும் எழுதிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் ஒன்று மாறியது. சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதிய ஆறுதல் எதுவும் அவர் மனசில் ஒட்டவில்லை. அதனால் நோயாளியாக இருந்தே நோயாளிகளுக்கு எழுதினார். 1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' அப்படிப் பிறந்தது. வலி தீரவில்லை. மற்றவர் வலியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கிற கண் வந்தது.

நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மாள் இருந்தாள். புருஷனுக்குக் கஞ்சி ஊட்டி முடித்ததும், யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மிச்சத்தை ஊட்டுவாள். ஊட்டும்போதே, "உமக்குக் கண் இல்லையா ஆண்டவரே" என்று ஏசிக்கொண்டும் இருப்பாள். கரண்டி மட்டும் நிற்காது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று யாராவது பேசினால் எனக்கு அவள் முகம்தான் வரும். அவளிடம் கேட்டிருந்தால், தன் விசுவாசம் செத்துப்போச்சு என்றுதான் சொல்லியிருப்பாள். ஆகையால் வளர்கிறேனா என்று நீ அளந்து பார்த்துக்கொண்டிருக்காதே.

அதைவிட அவசரம் உன் தூக்கம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியாவிடம் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பத் தூங்கவிட்டான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகு. மாப்பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறாயே, அதுவே ஜெபம் என்று அழகுபடுத்திச் சொல்லமாட்டேன். அது முதுகை ஒடிக்கிற வேலை. விட்டால் படுக்கைப்புண் வரும், விடவும் முடியாது. வாரத்தில் இரண்டு ராத்திரி நாத்தனாரைப் பார்க்கச் சொல். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

கோயிலை மட்டும் விட்டுவிடாதே. கடைசி பெஞ்சில் உட்கார், திருவிருந்து எடு, ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடு. பாட வரவில்லையென்றால் மற்றவர்கள் பாடட்டும், நீ கேட்டுக்கொண்டிரு. சபை எதற்கு இருக்கிறது? மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க சபை ஐயரைக் கேள், வருவார். சுகமாக்குகிறேன் என்று வந்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடு. பிசியோதெரபி ஒருநாளும் தவறக்கூடாது.

மாதக் கடைசியில் நான் வருகிறேன். இருக்கும் வரை ராத்திரி முறை என்னுடையது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று போனில் சொல், கருப்பட்டி கொண்டு வருவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும்.

உன் பெரியம்மா